பணமுடைக் காலமும் பிறமொழிப் பாடமும்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டியதுமே எனக்குத் தெரியும், பலரும் ரோபோ, ராக்கெட், செயற்கை அறிவு என்று எழுதுவார்கள் என்று. எழுதட்டும், நல்லதுதான். நான் எழுத வந்தது நம்மில் பாதிப் பேருடைய தொண்டையில் மாட்டிக்கொண்ட முள்ளைப் பற்றி. அதான், இங்கிலீஷ்! அதைச் சொல்லித்தரப் பள்ளிக்கூடங்களுக்கு என்னென்ன கருவிகள் வந்தன, நாட்டில் பணமுடை வந்தபோது அந்தக் கருவிகள் என்ன ஆயின, அதிலிருந்து நாம் என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரை.

ஆங்கிலம் நமக்கு இரண்டாம் மொழி என்பார்கள். பூம்பாறை, மன்னவனூர், தாண்டிக்குடி என்று மலைக் கிராமங்களிலிருந்து தமிழ் மீடியத்தில் படித்து வந்த நமக்கு அது உண்மையில் அந்நிய மொழிதான். வீட்டில் கேட்பதில்லை, தெருவில் பேசுவதில்லை. டூரிஸ்ட் சீசனில் மட்டும் காதில் விழும்.

என் அறை நண்பன் ஒருவன் மெக்கானிக்கல் பிரிவு. லேத்தில் நின்றால் அவன் கை அளவுகோல் மாதிரி. முதலாம் ஆண்டு மாதிரித் தேர்வில் ஒரு கேள்வி: ஏ.சி.க்கும் டி.சி.க்கும் உள்ள வேறுபாட்டை எழுதச் சொல்லி, "டிஃபரன்ஷியேட்" என்று ஆங்கிலத்தில் இருந்தது. அந்தச் சொல்லை அவன் கணக்கு வகுப்பில் மட்டும்தான் கேட்டிருக்கிறான். வகைக்கெழு போட ஆரம்பித்துவிட்டான்! அன்று அறையில் எல்லோரும் சிரித்தோம், அவனும் சிரித்தான். அப்புறம் மூன்று அரியர், அடுத்து ஐந்து. இரண்டாம் ஆண்டு பாதியில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான். அவனுக்கு ஏ.சி., டி.சி. தெரியாமலில்லை. கேள்விதான் புரியவில்லை. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

டாலரும் கம்ப்யூட்டரும்

முதலில் பொருளாதார நெருக்கடி என்றால் என்ன என்று பார்ப்போம். நம் நாட்டில் 1991இல் ஒன்று வந்தது. 1990 ஆகஸ்டில் வளைகுடாவில் சண்டை மூண்டது. பெட்ரோலிய விலை ஏறிற்று. அங்கே வேலை பார்த்தவர்கள் அனுப்பும் பணமும் குறைந்தது. 1991 ஜூனில் நாட்டின் கையிருப்பு அந்நியச் செலாவணி இரண்டு மூன்று வார இறக்குமதிக்குத்தான் காணும் என்ற நிலை! வீட்டில் கஷ்டம் வந்தால் அம்மாவின் நகை அடகுக் கடைக்குப் போகிற மாதிரி, 1991 ஜூலையில் ரிசர்வ் வங்கி சுமார் 47 டன் தங்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்பி அடகு வைத்தது. அதே ஜூலை 1, 3 தேதிகளில் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. ஏறக்குறைய 21 ரூபாயாக இருந்த டாலர் 26 ரூபாய்க்கு வந்தது.

இதற்கும் பள்ளிக்கூடத்துக்கும் என்ன சம்பந்தம்? ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 1,000 டாலர் விலையுள்ள ஒரு கருவி ஜூனில் 21,000 ரூபாய். ஜூலையில் அதே கருவி 26,000 ரூபாய். கருவியில் ஒரு ஸ்க்ரூகூட மாறவில்லை, விலை மட்டும் 5,000 ஏறிவிட்டது. பள்ளியின் பட்ஜெட்டோ ரூபாயில் இருக்கிறது. ஆக, இறக்குமதிச் சரக்கை நம்பிய பாடம்தான் முதலில் அடி வாங்கும்.

அந்தக் காலத்தில் நம் பள்ளிகளில் கம்ப்யூட்டர் இருந்ததா என்று கேட்பீர்கள். இருந்தது. 1984-85இல் மத்திய அரசு "கிளாஸ்" என்ற பெயரில் கணினி அறிவுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. முதல் கட்டமாகச் சுமார் 250 பள்ளிகள். வந்த இயந்திரம் பிரிட்டனின் ஏக்கார்ன் கம்பெனி வடிவமைத்த பி.பி.சி. மைக்ரோ. 6502 பிராசஸர், வேகம் 2 மெகாஹெர்ட்ஸ், நினைவகம் 32 கிலோபைட். இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் போனோடு ஒப்பிட்டால் சிரிப்பு வரும். ஆனால் அன்று அதைத் தொட்டுப் பார்ப்பதே பெரிய பாக்கியம்.

திட்டத்தின் நோக்கம் நல்லதுதான். ஆனால் கையேடும் மென்பொருளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். ஆங்கிலம் தெரிந்த பையனுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. தெரியாத பையனுக்கு இரண்டும் வரவில்லை. ஒரு பள்ளிக்கு இரண்டொரு இயந்திரம், வகுப்பில் 40 பேர் என்றால் ஆளுக்கு எத்தனை நிமிஷம் கிடைக்கும்? நீங்களே வகுத்துப் பாருங்கள். உலகச் சந்தையில் அந்த மாடல் பழசாகிப் போக, 1993-94இல் திட்டத்தை மாற்றியமைத்து பி.சி. ரகத்துக்குப் போனார்கள். ஒரு கருவியை மட்டும் நம்பித் தொடங்கினால், அது பழசாகும்போது பாடமும் பழசாகிவிடும் என்பது இதில் கிடைக்கும் முதல் படிப்பினை.

கடலுக்கு அந்தப் பக்கம்

அடுத்து இலங்கை. நம் கொடைமலையிலும், நீலகிரியிலும் 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பின் தாயகம் திரும்பிய குடும்பங்கள் உண்டு. நம் வகுப்பிலேயே அட்டன், நுவரெலியா என்று சொந்தம் சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே அது நமக்கு வேற்று ஊர்க் கதை அல்ல.

அங்கே 2009ஆம் ஆண்டை ஆங்கிலத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்கும் உரிய ஆண்டாக அறிவித்தார்கள். ஆங்கிலம் என்றால் பயப்பட வேண்டாம், நம் பாணியிலேயே பேசுவோம் என்பதுதான் அதன் கருத்து. நம் ஹைதராபாத்தில் 1958இல் தொடங்கிய மத்திய ஆங்கில நிறுவனம் பிற்காலத்தில் பல்கலைக்கழகமாயிற்று. இலங்கையின் ஆங்கில ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவோர் அங்கே வந்து பயிற்சி பெற்றுப் போனார்கள். இதில் பெரிய இயந்திரம் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆசிரியரைத் தயார் செய்தார்கள், அவ்வளவுதான்.

பிறகு வந்தது 2022. மார்ச் ஆரம்பத்தில் சுமார் 200 இலங்கை ரூபாயாக இருந்த டாலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. ஏப்ரல் 12ஆம் தேதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியவில்லை என்று அரசே அறிவித்தது. 200 டாலர் டேப்லெட் ஒன்று 40,000 ரூபாயிலிருந்து 72,000 ஆனால் எந்தத் தோட்டத் தொழிலாளி வாங்குவார்?

டேப்லெட்டை விடுங்கள், காகிதமே இல்லை! காகிதமும் மையும் இறக்குமதிச் சரக்கு. 2022 மார்ச்சில் மேல் மாகாணப் பள்ளிகளில் தவணைப் பரீட்சையே தள்ளிவைக்கப்பட்டது. பிறகு டீசல், பெட்ரோல் இல்லாமல் ஆசிரியரும் பிள்ளைகளும் பள்ளிக்கு வர முடியவில்லை. ஜூன், ஜூலையில் நகரப் பள்ளிகளை மூடி, "ஆன்லைனில் படியுங்கள்" என்றார்கள். சரி, ஆன்லைனுக்கு என்ன வேண்டும்? கரண்ட். மார்ச் கடைசியில் அங்கே ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்தது. கரண்ட் போனால் செல்போன் டவருக்கு ஜெனரேட்டர், ஜெனரேட்டருக்கு டீசல்! பஸ் ஓடாததற்கும் டவர் நின்றதற்கும் காரணம் ஒன்றே. ஒரு வழி அடைபட்டால் இன்னொரு வழி என்று நினைத்தது, கடைசியில் பார்த்தால் இரண்டும் ஒரே குழாயில்தான் தண்ணீர் பிடிக்கிறது. பொறியியல் படிக்கும் நமக்கு இது முக்கியமான பாடம். மாற்று ஏற்பாடு என்பது வேறு மூலத்திலிருந்து வர வேண்டும். இல்லாவிட்டால் அது மாற்றே இல்லை.

2023ஆம் ஆண்டுக்கான பாடநூல்களில் ஒரு பகுதி இந்தியக் கடனுதவியில் வந்த மூலப்பொருளில் அச்சாயிற்று. நெருக்கடியில் புத்தகம் என்பது எவ்வளவு பெரிய சொத்து என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

கிரேக்கத்தில் நடந்த கூத்து

நெருக்கடி ஏழை நாட்டுக்குத்தான் வரும் என்று எண்ணாதீர்கள். ஐரோப்பாவில் உள்ள கிரேக்க நாடு 2010 மே மாதத்தில் கடன் சுமையில் மூழ்கி வெளியாரிடம் கை நீட்டியது. அதற்கு முந்தைய ஆண்டுதான் நடுநிலைப் பள்ளி முதலாண்டு மாணவர்களுக்கு லேப்டாப் வாங்கப் பண உதவி கொடுத்தார்கள். அந்தத் திட்டம் தொடரவில்லை. 2011 செப்டம்பரில் பள்ளி திறந்தபோது பாடநூல் அச்சாகி வந்து சேரவில்லை. ஜெராக்ஸ் நகலும் டி.வி.டி.யும் கொடுத்துச் சமாளித்தார்கள்.

ஆனால் அதே நாட்டில், அதே நெருக்கடியில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. 2010இல் சுமார் 800 தொடக்கப் பள்ளிகளில் முதல், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு ஆங்கிலம் ஆரம்பித்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதி உதவி இருந்தது. பாடப்பொருளை ஏதென்ஸ் பல்கலைக்கழகத்தார் தாங்களே தயாரித்தார்கள். எழுத்து வேலை அதிகம் கிடையாது. பாட்டு, விளையாட்டு, கதை என்று வாயால் படிக்கும் ஆங்கிலம். அங்கே லேப்டாப் நின்றுபோனது, வாய்ப் பாடம் தொடர்ந்தது.

எங்கள் ஊர்க் கொண்டை ஊசி வளைவு

இப்போது என் சொந்தக் கதைக்கு வருகிறேன். நாட்டு நெருக்கடி பத்திரிகையில் வரும், வீட்டு நெருக்கடி அடுப்படியில் தெரியும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது நான் ஏழாம் வகுப்பு. கொடைக்கானல் மொத்தமும் டூரிஸ்டை நம்பிய ஊர். லாட்ஜ், டாக்ஸி, குதிரை, சாக்லேட் கடை எல்லாம் ஒரே நாளில் படுத்துவிட்டன. அப்பா வேன் டிரைவர். வேன் தவணை நின்றது. தவணை கேட்டு வருகிறவர் மட்டும் நிற்கவில்லை. வீட்டில் ஒரே ஒரு டச் போன், படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர்.

எங்கள் ஊரில் சிக்னல் கிடைப்பது ஒரு கொண்டை ஊசி வளைவில் மட்டும். அங்கே போய் மதில்மேல் உட்காருவோம். மழை வந்தால் வகுப்பு கலைந்தது! சிக்னல் வந்தாலும் வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கும். கல்வித் தொலைக்காட்சி 2019இல் தொடங்கப்பட்டிருந்தது. அது நல்ல உதவிதான், ஆனால் டி.வி. கேள்வி கேட்டால் நாம் சொன்ன பதில் அதன் காதில் விழாதே. நான் மறுபடி பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்தது 2021 செப்டம்பரில், ஒன்பதாம் வகுப்பாக. ஏறக்குறைய ஒன்றரை வருஷம் போயிற்று.

அந்த ஒன்றரை வருஷத்தில் என் இங்கிலீஷ் செத்துப் போயிருக்க வேண்டும். பிழைத்ததற்குக் காரணம் என் சித்தி. ஒரு ஹோட்டலில் வரவேற்பு வேலை பார்த்தவர், ஹோட்டல் மூடியதால் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். சார் அனுப்பிய ஆடியோவை வளைவில் போய் இறக்கிக்கொண்டு வருவேன். சாயங்காலம் அரை மணி நேரம் திண்ணையில் சித்தி அதைப் போடுவார். ஒரு வாக்கியம் ஓடியதும் நிறுத்துவார். "ம், நீ சொல்லு" என்பார். நான் சொல்வேன், தம்பி சொல்வான். தப்பாகச் சொன்னால் திட்ட மாட்டார். மறுபடி போட்டு, "இப்ப கேளு" என்பார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வந்து உட்கார்ந்தார்கள். கடைசியில் ஒன்பது பேர்.

சித்தி செய்ததும் கென்யா செய்ததும்

பிற்பாடு படித்தபோதுதான் தெரிந்தது, சித்தி செய்தது உலகம் அறிந்த ஒரு முறை! 1970களில் நிகராகுவா நாட்டில் வானொலி வழியாகக் கணக்குப் பாடம் நடத்தினார்கள். வானொலியில் ஆசிரியர் கேள்வி கேட்பார். சில விநாடி மௌனம். பிள்ளைகள் எல்லோரும் உரக்கப் பதில் சொல்வார்கள். பிறகு சரியான பதில் வானொலியில் வரும். இதே முறையில் 1980களின் முதற்பாதியில் கென்யாவில் ஆங்கிலம் கற்பித்தார்கள். தொடக்கப் பள்ளியின் முதல் மூன்று வகுப்பு, தினம் அரை மணி நேரம். வகுப்பு ஆசிரியரும் கூடவே நின்று எழுதுவார், சுட்டிக்காட்டுவார். வானொலி வழியே படித்த பிள்ளைகள் கேட்டல், வாசித்தல் தேர்வுகளில் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள்.

இதில் ரகசியம் வானொலியில் இல்லை, அந்தச் சில விநாடி மௌனத்தில்தான் இருக்கிறது. மொழி கற்பதற்குக் கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என்று நான்கு படிகள். காதில் விழாத சொல் வாயில் வராது. வாயில் வராத சொல் பரீட்சை ஹாலில் கைக்கு வராது. பெரும்பாலான கருவிகள் நம்மைச் சும்மா உட்கார்ந்து பார்க்க வைக்கின்றன. நம்மை வாயைத் திறக்க வைப்பது எதுவோ, அதுவே மொழிக் கருவி.

வானொலி மலிவு என்பதற்கு ஒரு கணக்கு. சிறிய டிரான்சிஸ்டருக்கு ஒரு வாட் மின்சாரமே அதிகம், இரண்டு பேட்டரி கட்டை போதும். மேஜைக் கம்ப்யூட்டருக்கு நூறு, இருநூறு வாட் வேண்டும். நம் ஊரிலேயே 100.5 மெகாஹெர்ட்ஸில் கொடைக்கானல் எஃப்.எம். இருக்கிறது. எஃப்.எம். அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். அது எட்டும் தூரத்துக்கு நாம் படித்த சூத்திரம்: மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் வரும். கொடைக்கானலின் உயரம் சுமார் 2,133 மீட்டர், வர்க்கமூலம் 46. பெருக்கினால் 190 கிலோமீட்டர்! மதுரை, திண்டுக்கல், திருச்சி எல்லாம் இதற்குள் அடக்கம். ஆனால் மலைமுகட்டுக்குப் பின்னால் பள்ளத்தில் உள்ள ஊரில் அதே அலை மங்கிவிடும். விளக்கின் அடியில் இருட்டு என்பது இதுதான். அங்கே பதிவு செய்த ஆடியோ கைகொடுக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1845இல் அமெரிக்கப் பாதிரிமார் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினார்கள். 1895இல் செண்பகனூரில் சேசு சபையாரின் திரு இருதயக் கல்லூரி வந்தது. கடல் தாண்டி வந்த பாதிரிமார் நம் தமிழை எந்தக் கருவியை வைத்துக் கற்றார்கள்? முன்ஷி என்று அழைக்கப்பட்ட தமிழாசிரியர் எதிரே உட்கார்ந்து பேசினார், கேட்டார், திருத்தினார். நம் ழகரத்தையே அவர்கள் அப்படிக் கற்றார்கள் என்றால், எதிரே உட்கார ஓர் ஆள் இருந்தால் நமக்கு இங்கிலீஷ் வராதா என்ன? 2021இல் தமிழக அரசு தொடங்கிய "இல்லம் தேடிக் கல்வி"யும் இந்த அடிப்படையில்தான் தன்னார்வலர்களைத் தெருவுக்குத் தெரு உட்கார வைத்தது.

நாம் செய்யக்கூடியது

கருவியே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறவன் அப்படிச் சொன்னால் என் துறைத் தலைவரே என்னை விடமாட்டார்! எந்தக் கருவி வாங்கினாலும் நான்கு கேள்வி கேட்டுவிட்டு வாங்குவோம் என்கிறேன்.

ஒன்று, கரண்ட் போனால் வேலை செய்யுமா? இரண்டு, பழுதானால் நாமே கழற்றிச் சரி செய்ய முடியுமா, உதிரி பாகம் திண்டுக்கல்லில் கிடைக்குமா? மூன்று, வாங்கிய பிறகும் மாதா மாதம் காசு கேட்குமா? நான்கு, அது மாணவனைப் பேச வைக்குமா, பார்க்க மட்டும் வைக்குமா?

இந்த ஆண்டு நம் பேரவை நிதியில் ஒரு ஸ்மார்ட் போர்டு வாங்கலாம் என்று பேச்சு அடிபடுகிறது. மேலே சொன்ன நான்கு கேள்வியையும் அதனிடம் கேட்டுப் பாருங்கள். என் யோசனை வேறு. வீட்டில் சும்மா கிடக்கும் பழைய போன்களை ஆளுக்கொன்று கொண்டுவருவோம். பேட்டரி, ஸ்பீக்கர் மாற்றுவதை எங்கள் துறை பார்த்துக்கொள்ளும். நம் பாடப் புத்தகத்தில் வரும் சொற்களையும், பரீட்சைக் கேள்வி கேட்கும் விதத்தையும் வாக்கியங்களாக்கி, இடையிடையே மௌனம் விட்டுப் பதிவு செய்வோம். "டிஃபரன்ஷியேட்" என்றால் எங்கே வகைக்கெழு, எங்கே வேறுபாடு என்பதுதான் முதல் பாடமாக இருக்கட்டும். தினம் சாயங்காலம் ஹாஸ்டல் வராந்தாவில் அரை மணி நேரம் முதலாம் ஆண்டுத் தம்பி தங்கைகளோடு மூன்றாம் ஆண்டு அண்ணன் அக்கா ஒருவர் உட்கார வேண்டும். தப்பாகச் சொன்னால் சிரிக்கக் கூடாது. அது ஒன்றுதான் சட்டம்.

மிச்சப்படும் பணத்தில் ஒரு காரியம் செய்யலாம். பாதியில் போன என் நண்பனுக்கு அரியர் பரீட்சைக் கட்டணம் கட்டலாம். அவனிடம் போனில் பேசினேன். "வந்தா மறுபடி சிரிப்பீங்களாடா?" என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. பதிலை நாம் எல்லோரும் சேர்ந்துதான் சொல்ல வேண்டும்.

டாலர் ஏறும், இறங்கும். கருவி வரும், பழசாகும். கரண்ட் போகும், வரும். எதிரே உட்கார்ந்து "ம், நீ சொல்லு" என்கிற ஒரு குரலுக்கு மட்டும் மின்வெட்டும் கிடையாது, இறக்குமதி வரியும் கிடையாது. வரும் திங்கட்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வராந்தாவில் நான் இருப்பேன். வாருங்கள் தோழர்களே!

— இறுதியாண்டு மாணவன்,
மின்னணுவியல் மற்றும் தகவல் தொடர்புத் துறை